பொதுச் சுவர்

சாட்ஸ்வர்த், மூர்ட்டன். நகராட்சி கட்டிய இரட்டை வீடு.
ஒரு கூரை, ஒரு தரை, நடுவில் ஒற்றைச் சுவர்.
இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் கனகி ஆன்ட்டியின் சமோசா வியாபாரம்.
கரண்டிக்காம்பால் இரண்டு தட்டு தட்டினால்
அவர் வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆகிவிட்டது,
எட்டாத உயரத்தில் சுவிட்ச், நான் போக வேண்டும்.
மூன்று தட்டு என்றால் மீன் பொரித்திருக்கிறார்.

முன்னறையை ஸ்டுடியோ ஆக்கப்போகிறேன் என்றதும்
முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்றான் மச்சான்.
முட்டை அட்டை முட்டைக்குத்தான்.
சத்தத்தை நிறுத்துவது எடை.
எடையைவிட, தொடாமல் இருப்பது.
அறைக்குள் இன்னோர் அறை கட்டினோம் நானும் ம்தோகோசியும்,
ஓர் ஆணிகூடப் பழைய சுவரில் படாமல்:
ரப்பர் பாதம், அதன்மேல் மரச்சட்டம்,
இடுக்கெல்லாம் பாறைக்கம்பளி
(மூன்று நாள் கழுத்தில் அரிப்பு),
ஜிப்சம் பலகை இரண்டடுக்கு, நடுவே பச்சைப் பசை.
ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தபோது
ம்தோகோசி கேட்டான்,
"சொந்தக் காசில் யாராவது ஜெயில் கட்டுவாங்களா?"

ஒவ்வொரு இரவும் விளக்கணைத்து உட்கார்ந்து கேட்டேன்.
முதலில் போனது டாக்ஸிகளின் ஹாரன்.
அப்புறம் எதிர்வீட்டு நாய்.
விடியலில் கூரைமேல் நின்று
உலகத்தையே திட்டும் ஹடேடாப் பறவை
ஒரு தும்மலாகச் சுருங்கி, அதுவும் போயிற்று.

மிஞ்சியது ஒரு முனகல்.
தம்பூராவை மீட்டிவிட்டு யாரோ
அணைக்க மறந்து போன மாதிரி.
கெய்ஸரா? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரா? என் காதேவா?
பத்தாம் நாள் நள்ளிரவு
தரையில் தாடையை வைத்துப் படுத்தபோது
பல் வழியாகப் பிடிபட்டது:
ஆன்ட்டியின் டீப் ஃப்ரீசர்.

பழைய டயரை அறுத்து நான்கு துண்டு.
நாங்கள் தூக்கிப் பிடிக்க, அவர் குனிந்து செருகினார்.
கூலி, ஒரு டஜன் மட்டன் சமோசா.
அன்றிரவு என் அறையில் எதுவும் கேட்கவில்லை.
எதுவுமில்லாததற்கு
முப்பத்தெட்டாயிரம் ராண்ட் ஆகியிருந்தது.

பிப்ரவரி, சனிக்கிழமை. டெஷ்னி பாடினாள்,
காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை.
கதவைத் திறந்தால் வெயில்,
வெயிலில் என் படிக்கட்டில் கனகி ஆன்ட்டி,
மடியில் காலித் தட்டு.
"ட்ரிப் ஆயிடுச்சு. தட்டினேன்.
கரண்டியால, அப்புறம் உலக்கையால.
கதவையும் தட்டினேன்.
கல்யாண ஆர்டர், அறுநூறு.
அப்பதான் அடுக்கினது, உறையுறதுக்குள்ள
மாவு ஊறிக் கூழாப் போச்சு."
திட்டவில்லை.
"உள்ளதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளேதான் இருந்தேன்.
ஒரு பெண் மூச்சிழுக்கும் முன்
உதடு பிரியும் ஓசையைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நானே துளை போட்டேன்.
எட்டு மில்லிமீட்டர், பென்சில் கனம்.
பலகை இரண்டு, கம்பளி, காற்று, செங்கல்
எல்லாம் தாண்டி
வெங்காய வாசனைக்குள் போய் நின்றது டிரில்.
ம்தோகோசி பார்க்க மாட்டேன் என்று
தெருவுக்குப் போய் சிகரெட் பற்றவைத்தான்.
ஒரு வயர். அவர் அடுப்பருகே ஒரு சுவிட்ச்.
என் மேஜைமேல் ஒரு மஞ்சள் பல்பு;
சிவப்பு ஏற்கெனவே ரெக்கார்டிங்குக்கு.
துளையைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தேன்,
இரண்டு முறை.

நேற்று மூன்றாவது டேக், சரணத்தின் நடுவில்
மஞ்சள் மின்னியது.
ஒன்று. இரண்டு.
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
மூன்று.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து டெஷ்னி
பாட்டை நிறுத்தாமலே புருவம் உயர்த்தினாள்.
மீன், என்றேன், வாயசைத்து.